தொழில் மாறி ஆசிரியராதல்

தொழில் மாறி ஆசிரியராதல் என்பது, பல்கலைக்கழகப் பட்டம் பெற்று வேறொரு துறையில் பணியாற்றி வந்த ஒருவர் அப்பணியை விட்டு விலகி, பயிற்சி பெற்றுப் பள்ளி ஆசிரியராகச் சேர்வதைக் குறிக்கும். கணக்காய்வு, வங்கி, சட்டம், மேலாண்மை ஆலோசனை, விளம்பரம், பொறியியல், மென்பொருள் முதலிய துறைகளில் இருந்து பலர் இவ்வாறு வருகின்றனர். செய்யும் வேலையில் மனநிறைவின்மை இவர்களை வெளியே தள்ளுகின்றது. பயனுள்ள பணி என்னும் எண்ணம் பள்ளியை நோக்கி இழுக்கின்றது. இவ்விரு விசைகளும் ஒன்றல்ல என்பது இத்துறை பற்றிய ஆய்வுகளில் முதன்மையான கருத்து ஆகும். பழைய வேலையின் மீதுள்ள வெறுப்பு ஒருவரைப் பள்ளி வாசல் வரை கொண்டு வரலாம். அவர் வகுப்பறையில் நிலைத்திருப்பதை வேறு காரணிகளே தீர்மானிக்கின்றன.

இந்நிகழ்வு பல நாடுகளில் காணப்படினும், பட்டதாரிகளுக்கான தனிப் பயிற்சி வழிகளை நெடுங்காலமாகக் கொண்டுள்ள இங்கிலாந்து இக்கட்டுரையில் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. ஐக்கிய இராச்சியத்தின் ஏனைய பகுதிகளான ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் கல்வி முறைமை தனித்தனியாக நிருவகிக்கப்படுகின்றது.

பின்னணி: பட்டமும் வேலையும்

இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல்கலைக்கழகக் கல்வி மிகச் சிலருக்கே கிட்டியது. 1963 இல் வெளியான ராபின்ஸ் அறிக்கை, தகுதியும் விருப்பமும் உள்ள அனைவருக்கும் உயர்கல்வி இடம் வழங்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1992 இல் பல்தொழில்நுட்பக் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களாகத் தரமுயர்த்தப்பட்டன. இளையோரில் பாதிப்பேர் உயர்கல்வி பெற வேண்டும் என்னும் இலக்கை 1999 இல் அன்றைய பிரதமர் டோனி பிளேர் அறிவித்தார். 2010களின் பிற்பகுதியில் இவ்விலக்கு ஏறத்தாழ எட்டப்பட்டது.

பட்டதாரிகளின் தொகை பெருகிய அளவுக்கு, பட்டப்படிப்பின் அறிவு உண்மையில் தேவைப்படும் வேலைகள் பெருகவில்லை என்னும் கருத்து நெடுங்காலமாக முன்வைக்கப்பட்டு வருகின்றது. ரிச்சர்ட் ஃப்ரீமன் 1976 இல் அமெரிக்காவைப் பற்றி எழுதிய நூலும், அதே ஆண்டில் ரொனால்ட் டோர் எழுதிய "பட்டச்சான்றிதழ் நோய்" என்னும் பொருளுடைய நூலும் இவ்விவாதத்தில் அடிக்கடி சுட்டப்படுவன. வேலைக்குத் தேவையான தகுதி என்பதை விட, விண்ணப்பதாரரை வடிகட்டும் கருவியாகவே சான்றிதழ் பயன்படுகின்றது என்பது டோரின் வாதம் ஆகும்.

கல்விக் கட்டணமும் இதில் தாக்கம் செலுத்துகின்றது. இங்கிலாந்தில் 1998 இல் ஆண்டுக்கு 1,000 பவுண் எனத் தொடங்கிய கட்டணத்தின் உச்ச வரம்பு 2006 இல் 3,000 பவுணாகவும், 2012 இல் 9,000 பவுணாகவும் உயர்த்தப்பட்டது. கடனுடன் பட்டம் பெறும் இளைஞர், இறுதியாண்டிலேயே பல்கலைக்கழகங்களுக்கு வந்து ஆள் திரட்டும் பெருநிறுவனங்களின் பட்டதாரிப் பயிற்சித் திட்டங்களில் சேர்வது இயல்பாயிற்று. அவருள் பலர் தொழிலை ஆராய்ந்து தேர்ந்தவர் அல்லர். முதலில் திறந்த கதவின் வழியே நுழைந்தவர். இத்தகையோர் இருபதுகளின் நடுவில் அடையும் குழப்பத்தைக் "கால்வாழ்வு நெருக்கடி" என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கும் வழக்கம், 2001 இல் அலெக்சாண்ட்ரா ராபின்ஸ், அபி வில்னர் ஆகியோர் அப்பெயரில் எழுதிய நூலுக்குப் பின்னர் பரவியது.

பணி மனநிறைவின்மை பற்றிய விளக்கங்கள்

பணியில் நிறைவின்மை என்பது சம்பளக் குறைவினால் மட்டும் விளைவதன்று. இதனை விளக்கும் கோட்பாடுகளுள் பின்வருவன பரவலாக அறியப்பட்டவை:

- இருகாரணிக் கோட்பாடு: ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பர்க்கும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு 1959 இல் வெளியிட்டது. சம்பளம், மேற்பார்வை, பணிச்சூழல் முதலியவை மோசமாக இருந்தால் அதிருப்தி தோன்றும். ஆனால் அவை நன்றாக இருப்பதால் மட்டும் நிறைவு தோன்றாது. சாதனை, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் தன்மை ஆகியனவே நிறைவைத் தருகின்றன என்பது இதன் சாரம். நல்ல சம்பளம் பெறும் ஒருவர் ஏன் சலிப்படைகின்றார் என்பதற்கு இக்கோட்பாடு விடையளிக்க முற்படுகின்றது.

- பணிப் பண்புகள் மாதிரி: ரிச்சர்ட் ஹேக்மன், கிரெக் ஓல்ட்ஹாம் ஆகியோர் 1970களில் உருவாக்கியது. பல்வகைத் திறன்களைப் பயன்படுத்துதல், ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே செய்தல், அவ்வேலையால் பிறருக்கு விளையும் பயன், தாமே முடிவெடுக்கும் உரிமை, விளைவை நேரில் அறிதல் என்னும் ஐந்து பண்புகளை இது முன்வைக்கின்றது. பெரிய அலுவலகம் ஒன்றில் ஓர் அறிக்கையின் ஒரு பகுதியை மட்டும் தயாரித்து, அது பின்னர் என்னவாயிற்று என்பதை அறியாத இளநிலை அலுவலர் இவற்றுள் பலவற்றை இழக்கின்றார்.

- வேலை, வாழ்தொழில், அழைப்பு என்னும் வகைப்பாடு: எமி ரெஸ்னெவ்ஸ்கியும் பிறரும் 1997 இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் தம் பணியை வருமான வழியாகவோ, முன்னேற்றப் படிக்கட்டாகவோ, வாழ்வின் அழைப்பாகவோ காண்கின்றனர் எனக் கூறியது. ஒரே தொழிலைச் செய்வோரிடையேயும் இம்மூன்று நோக்குகளும் காணப்படுகின்றன.

மானிடவியலாளர் டேவிட் கிரேபர் 2013 இல் எழுதிய கட்டுரையும் அதனை விரித்து 2018 இல் வெளியிட்ட நூலும், செய்பவரே பயனற்றதெனக் கருதும் வேலைகள் பெருகிவிட்டன என வாதிட்டன. இக்கட்டுரையைத் தொடர்ந்து 2015 இல் பிரித்தானியாவில் நடத்தப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பில், தம் வேலை உலகிற்குப் பொருளுள்ள பங்களிப்பு எதையும் அளிக்கவில்லை என 37 விழுக்காட்டினர் கூறினர். கிரேபரின் விளக்கம் மிகைப்படுத்தப்பட்டது எனச் சமூகவியலாளர் சிலர் மறுத்துள்ளனர். மேலாளரின் அணுகுமுறையும் பணியிடச் சூழலும் மோசமாக இருக்கும்போதே ஒருவர் தம் வேலையைப் பயனற்றதாக உணர்கின்றார் என்பது அவர்கள் கருத்து. இம்மறுப்பு தொழில் மாற விரும்புவோருக்கு முக்கியமானது. குறை தொழிலில் உள்ளதா, பணியிடத்தில் உள்ளதா என்பதைப் பொறுத்துத் தீர்வும் வேறுபடும்.

ஆசிரியத் தொழிலின் ஈர்ப்பு

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975 இல் வெளியிட்ட ஆய்வுநூல், ஆசிரியத் தொழிலின் பால் மக்களை ஈர்க்கும் காரணிகளை ஐந்தாக வகுத்தது:

1. இளையோருடன் பழகும் வாய்ப்பு
2. பிறருக்குத் தொண்டு செய்யும் எண்ணம்
3. தமக்குப் பிடித்த பள்ளிச் சூழலிலும் பாடத்திலும் தொடர்ந்திருத்தல்
4. சம்பளம், வேலைப் பாதுகாப்பு முதலிய பொருள்சார் நலன்கள்
5. விடுமுறையும் பணிநேரமும் குடும்ப வாழ்வுக்கு இசைந்திருத்தல்

ஆஸ்திரேலியாவில் ஹெலன் வாட், பால் ரிச்சர்ட்சன் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட அளவுகோல் இதனை மேலும் விரிவாக்கியது. கற்பிக்கும் திறன் தமக்கு உண்டு என்னும் நம்பிக்கை, சமூகப் பயன், பணிப் பாதுகாப்பு, தம்மைக் கற்பித்த ஆசிரியர்களின் தாக்கம் முதலியவற்றுடன், வேறு வழியில்லாமையால் ஆசிரியத் தொழிலைத் தேர்தல் என்பதும் அதில் தனிக் காரணியாக அளவிடப்படுகின்றது.

தொழில் மாறி வருவோருக்கு இவ்வீர்ப்பு, பழைய வேலையின் எதிர்ப்படிமமாகத் தோன்றுவது உண்டு. அலுவலகத்தில் விளைவு கண்ணுக்குத் தெரியாது; வகுப்பறையில், நேற்றுப் புரியாத பின்னக் கணக்கை இன்று ஒரு மாணவர் தாமே செய்து முடிப்பதை ஆசிரியர் நேரில் காண்கின்றார். அலுவலகத்தில் பட்டப்படிப்பின் பாடம் மறக்கப்படுகின்றது. பள்ளியில் அதுவே அன்றாடப் பொருள். ஹேக்மனும் ஓல்ட்ஹாமும் கூறிய ஐந்து பண்புகளும் ஆசிரியத் தொழிலில் பெருமளவு காணப்படுவது இந்த ஈர்ப்பு வெறும் கற்பனையன்று என்பதைக் காட்டுகின்றது.

எனினும் இதில் ஒரு பொறி உள்ளது. ஏறத்தாழ எல்லாரும் பல ஆண்டுகள் பள்ளியில் அமர்ந்து ஆசிரியரைக் கவனித்தவர்களே. இதனை லோர்ட்டி "கவனித்தலின் வழிப் பயிலுநர்நிலை" எனும் பொருளில் குறிப்பிட்டார். மாணவர் காண்பது பாடம் நடத்தும் ஆசிரியரை மட்டுமே. பாடத் திட்டமிடல், விடைத்தாள் திருத்தல், மதிப்பெண் பதிவு, பெற்றோருடனான உரையாடல், ஒழுங்குப் பிரச்சினைகளின் பின்தொடர்ச்சி ஆகியவை மாணவரின் பார்வைக்கு வருவதில்லை. எனவே நன்கு தெரிந்த தொழில் என்னும் உணர்வு, தெரியாத பகுதியை மறைத்துவிடுகின்றது. மேலும், முன்வரிசையில் அமர்ந்து பாடத்தை விரும்பிக் கற்ற ஒருவர், அப்பாடத்தில் விருப்பமற்ற முப்பது மாணவரின் முன் நிற்கும் நிலையை முன்னறிந்திருப்பது அரிது.

இங்கிலாந்தில் வரலாறு

இரண்டாம் உலகப் போரின் முடிவில் இங்கிலாந்தில் கடும் ஆசிரியர் பற்றாக்குறை நிலவியது. 1944 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின்படி கட்டாயக் கல்வி வயது 1947 இல் 15 ஆக உயர்த்தப்படவிருந்தது. இதற்காக நெருக்கடிக் காலப் பயிற்சித் திட்டம் ஒன்று 1945 முதல் 1951 வரை செயற்பட்டது. படையில் இருந்து விடுவிக்கப்பட்டோரும் போர்க்காலப் பணிகளில் இருந்தோரும் ஓராண்டுச் செறிவுப் பயிற்சிக்குப் பின்னர் ஆசிரியராயினர். இதன் வழியாக ஏறத்தாழ 35,000 பேர் தொழிலில் சேர்ந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் பட்டதாரிகள் அல்லர். ஆயினும், வேறு வாழ்வனுபவம் உடையவரைக் குறுகிய காலத்தில் ஆசிரியராக்கலாம் என்பதற்கும், அது பற்றிய ஐயங்களுக்கும் இத்திட்டமே முன்னோடியாகும்.

1970களின் தொடக்கம் வரை, பட்டம் பெற்ற ஒருவர் கல்வியியல் பயிற்சி எதுவுமின்றியே இடைநிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர இயன்றது. பின்னர் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. ஆசிரியப் பற்றாக்குறையைப் போக்க 1989 இல் உரிமம் பெற்ற ஆசிரியர் திட்டமும், 1990களின் இறுதியில் சம்பளத்துடன் பள்ளியிலேயே பயிற்சி பெறும் பட்டதாரி ஆசிரியர் திட்டமும் கொண்டுவரப்பட்டன. பிந்தியது குடும்பப் பொறுப்புடைய நடுவயதினருக்கு உகந்ததாக இருந்தது. 2012 ஐ ஒட்டி அதனிடத்தில் பள்ளி நேரடிப் பயிற்சித் திட்டம் அறிமுகமானது. 2000 ஆம் ஆண்டில் பட்டதாரிப் பயிலுநருக்கு 6,000 பவுண் பயிற்சிக்கால உதவித்தொகை அறிவிக்கப்பட்டது.

2002 இல் டீச் ஃபர்ஸ்ட் என்னும் தொண்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. மேலாண்மை ஆலோசகராக இருந்த பிரெட் விக்டோர்ட்ஸ் இதனை நிறுவினார். இதன் முதல் அணியினர் 2003 இல் இலண்டன் பள்ளிகளில் பணியில் சேர்ந்தனர். சிறந்த தேர்ச்சி பெற்ற பட்டதாரிகள் சில கிழமைகள் கோடைக்காலப் பயிற்சி பெற்று, வறிய பகுதிப் பள்ளிகளில் இரண்டாண்டு கற்பிப்பது இதன் முறையாக அமைந்தது. பெருநிறுவன வேலைக்குச் செல்லவிருந்தோரை இது குறிவைத்தது. வாழ்நாள் முழுதும் கற்பிப்பதாக உறுதியளிக்கத் தேவையில்லை என்பதே இதன் புதுமையும், இதன் மீதான விமர்சனத்தின் மூலமும் ஆகும்.

பொருளாதார நிலைக்கும் ஆசிரியப் பயிற்சி விண்ணப்பங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 2008 ஆம் ஆண்டு நிதி நெருக்கடியைத் தொடர்ந்து விண்ணப்பங்கள் உயர்ந்தன. இலண்டன் நிதித்துறையில் வேலையிழந்தோரை நோக்கி அரசு முகமை விளம்பரம் செய்தது. 2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போதும் அவ்வாறே உயர்வு காணப்பட்டு, பின்னர் வேலைச் சந்தை மீண்டதும் சரிந்தது. 2023–24 கல்வியாண்டில் இடைநிலைப் பள்ளிப் பயிற்சிக்கான இலக்கில் பாதியளவே நிரம்பியது. இயற்பியலில் இது 17 விழுக்காடு மட்டுமே. மற்ற கதவுகள் மூடும்போது பள்ளிக் கதவை நாடுவதும், அவை திறந்ததும் திரும்பிச் செல்வதும் இதனால் புலனாகும்.

2016 இல் பைனான்சியல் டைம்ஸ் இதழின் பத்தி எழுத்தாளர் லூசி கெல்லவே, கேட்டி வால்ட்கிரேவுடன் இணைந்து நவ் டீச் என்னும் அமைப்பைத் தொடங்கினார். இது இளம் பட்டதாரிகளை அல்லாது, நெடுங்காலம் வேறு தொழிலில் இருந்தவரை ஆசிரியராக்குவதை நோக்கமாகக் கொண்டது. கெல்லவே தாமும் ஐம்பதுகளின் பிற்பகுதியில், 2017 இல், கிழக்கு இலண்டனில் கணித ஆசிரியப் பயிற்சியைத் தொடங்கினார். பின்னர் வணிகவியல், பொருளியல் பாடங்களுக்கு மாறினார்.

பயிற்சி வழிகள்

இங்கிலாந்தில் ஆசிரியத் தொழிலுக்கான சான்று, தகுதிபெற்ற ஆசிரியர் நிலை எனப்படும். பட்டம், ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பொதுச் சான்றிதழ்த் தேர்ச்சி, தொடக்கப் பள்ளியாயின் அறிவியலிலும் தேர்ச்சி ஆகியன அடிப்படைத் தேவைகள். பட்டதாரிகளுக்கான வழிகளை மூன்றாக வகுக்கலாம்:

- பல்கலைக்கழக வழி: ஓராண்டுக் கல்வியியல் பட்டமேற்சான்றிதழ்ப் படிப்பு. இதில் பெரும்பகுதி நேரம் குறைந்தது இரண்டு பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சியாகக் கழிகின்றது. பயிலுநர் கட்டணம் செலுத்த வேண்டும்.
- பள்ளி சார்ந்த வழி: பள்ளிகளின் கூட்டமைப்பு பயிற்சியை நடத்தும். பயிலுநர் தொடக்கத்தில் இருந்தே ஒரு பள்ளியின் உறுப்பினர் போல இயங்குவார்.
- சம்பள வழி: பயிலுநர் பள்ளியின் ஊழியராகச் சம்பளம் பெற்றுக்கொண்டே பயிற்சி பெறுவார். இத்தகைய இடங்கள் குறைவு. வகுப்புப் பொறுப்பு விரைவில் வந்து சேர்வதால் பணிப்பளு மிகுதி.

பட்டத்தின் பாடமும் கற்பிக்க விரும்பும் பாடமும் வேறுபடும்போது, பயிற்சிக்கு முன் பாட அறிவை வளர்க்கும் குறுகிய படிப்புகளும் சில பாடங்களில் வழங்கப்பட்டு வந்துள்ளன. பொறியியல் பட்டதாரி ஒருவர் இயற்பியல் ஆசிரியராவதற்கு இது உதவும்.

ஊதியமும் உதவித்தொகையும்

பயிற்சிக்கால உதவித்தொகை பாடத்தைப் பொறுத்து மாறுபடும். ஆள் கிடைக்காத பாடங்களுக்கு மிகுதியாக வழங்கப்படும். 2024–25 இல் கணிதம், இயற்பியல், வேதியியல், கணினியியல் ஆகியவற்றுக்கு 28,000 பவுண் வழங்கப்பட்டது. வரலாறு, உடற்கல்வி முதலியவற்றுக்கு எதுவும் வழங்கப்படவில்லை. இத்தொகைகள் ஆண்டுதோறும் மாற்றப்படுவதால், ஓராண்டு காத்திருப்பது ஒருவருக்குப் பெரும் ஆதாயமாகவோ பெரும் இழப்பாகவோ அமையலாம்.

இலண்டனுக்கு வெளியே தொடக்கநிலை ஆசிரியரின் ஆண்டு ஊதியம் 2023 செப்டம்பரில் 30,000 பவுணாக உயர்த்தப்பட்டது. முன்னைய தொழில் அனுபவத்தைக் கணக்கில் கொண்டு கூடுதல் ஊதியம் வழங்கப் பள்ளிக்கு உரிமை உண்டு. ஆனால் கடமை இல்லை. ஆகவே, பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரும் கல்லூரியில் இருந்து நேரே வரும் இருபத்திரண்டு வயதினரும் ஒரே படியில் தொடங்குவது வழக்கம். ஆசிரியருக்கு வரையறுத்த பலன்களைக் கொண்ட ஓய்வூதியத் திட்டம் உள்ளது. தனியார் துறையில் இவ்வகை ஓய்வூதியம் அருகிவிட்டமையால், சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவது முழுப் படத்தைத் தராது.

முதல் ஆண்டுகள்

இங்கிலாந்தின் ஆசிரியருக்கான நிபந்தனைகளின்படி ஆண்டுக்கு 195 நாட்கள், 1,265 மணி நேரம் பள்ளியின் நேரடிப் பணிப்பின் கீழ் வேலை செய்ய வேண்டும். இது குறைவாகத் தோன்றினாலும், பாடத் தயாரிப்பும் திருத்தலும் பெரும்பாலும் இக்கணக்குக்கு வெளியே உள்ளன. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2018 இல் நடத்திய பன்னாட்டு ஆசிரியர் கணக்கெடுப்பில், இங்கிலாந்தின் கீழ் இடைநிலை ஆசிரியர் பள்ளிக் கிழமை ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 47 மணி நேரம் வேலை செய்வதாகக் கூறினர். அவ்வமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி ஏறத்தாழ 39 மணி ஆகும்.

2005 முதல் கற்பிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, திட்டமிடலுக்கும் மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது விதி. முதலாண்டு ஆசிரியருக்கு மேலும் பத்து விழுக்காடு நேரக் குறைப்பு உண்டு. 2021 இல் தொழிலின் தொடக்கக் காலத்துக்கான புதிய சட்டகம் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. இதன்படி அறிமுகக் காலம் ஓராண்டில் இருந்து இரண்டாண்டாக்கப்பட்டு, வழிகாட்டி ஆசிரியர் ஒருவரும் நியமிக்கப்படுகின்றார்.

தொழில் மாறி வருவோர் எதிர்கொள்ளும் தனிச் சிக்கல் தகுதிநிலை இழப்பு ஆகும். முன்னைய பணியில் பிறரை வழிநடத்தியவர், தம்மை விட இருபது வயது இளைய ஒருவரிடம் தம் பாடம் பற்றிய குறைகளைக் கேட்டுக்கொள்ள நேர்கின்றது. துறையறிவு வகுப்பை ஒழுங்குபடுத்துவதில்லை என்பது முதல் கிழமைகளிலேயே தெரிந்துவிடும். மாணவர் பெயர்களை அறிதல், தொடக்க ஐந்து நிமிடங்களைக் கட்டமைத்தல், சொன்னதைச் செய்தல், பள்ளியின் ஒழுங்கு விதிகளை மாறாது பின்பற்றுதல் முதலிய கைத்திறன்கள் பழகிப் பழகியே வருகின்றன. அதேவேளை, நேர மேலாண்மை, பெரியோருடன் பேசும் பழக்கம், பாடம் வெளியுலகில் எவ்வாறு பயன்படுகின்றது என்பதற்கான எடுத்துக்காட்டுகள் ஆகியவற்றில் இவர்கள் முன்னிற்கின்றனர்.

நிலைத்திருத்தலும் விலகலும்

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் புதிதாகத் தகுதிபெற்றுச் சேர்வோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஐந்தாண்டுகளுக்குள் அப்பள்ளிகளின் பணியில் இருந்து விலகுவதை அரசின் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. இவர்களுள் சிலர் பின்னர் திரும்பி வருகின்றனர். விலகுவோர் அனைவரும் கூடுதல் சம்பளத்தை நாடிச் செல்வதில்லை. குறைந்த ஊதியத்துக்கும், பகுதிநேர வேலைக்கும் செல்வோரும் உண்டு. பணிப்பளு, பள்ளித் தலைமையின் ஆதரவின்மை, மாணவர் நடத்தை ஆகியனவே முதன்மைக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. அலுவலகத்தை விட்டு வந்தோர் கூறும் காரணங்களும், பள்ளியை விட்டுச் செல்வோர் கூறும் காரணங்களும் பெரிதும் ஒத்திருக்கின்றன: நீண்ட நேரம், பயனறியாத ஆவணப்பணி, தாமே முடிவெடுக்க இயலாமை. ஹெர்ஸ்பர்க்கின் சொற்களில், பள்ளி நிறைவு தரும் காரணிகளை மிகுதியாகக் கொண்டிருப்பினும், அதிருப்தி தரும் காரணிகளில் இருந்து விடுபட்டதன்று. கற்பிக்கும் பாடத்தின் மீதும் மாணவர் மீதும் உள்ள விருப்பால் வந்தவருக்கு இச்சுமைகள் தாங்கத்தக்கவையாக அமையலாம். பழைய வேலையில் இருந்து தப்புவதையே நோக்கமாகக் கொண்டவர், தப்பிவந்த பொருளையே மீண்டும் சந்திக்க நேரிடும்.

விமர்சனங்கள்

குறுகிய காலப் பயிற்சித் திட்டங்கள் பற்றிய விமர்சனங்களுள் முதன்மையானது, அவற்றின் விலையை மாணவர் செலுத்துகின்றனர் என்பதாகும். ஆசிரியர் மாற்றம் மிகுதியாக உள்ள பள்ளிகள் பெரும்பாலும் வறிய பகுதிகளில் உள்ளவை. அங்குள்ள மாணவர், அனுபவமற்ற ஆசிரியர் ஒருவர் தொழிலைக் கற்றுத் தேறும் வேளையில் அவர் விலகிச் செல்வதையும், அடுத்த ஆண்டு மற்றொரு புதியவர் வருவதையும் காண்கின்றனர். டீச் ஃபர்ஸ்ட் வழியாக வந்தோரின் நிலைத்திருத்தல் வீதம், ஏனைய வழிகளில் வந்தோரை விடக் குறைவு என ஆய்வுகள் கண்டுள்ளன.

ஆதரவாளர் இதற்கு இரு விடைகள் தருகின்றனர். முதலாவது, இத்திட்டங்கள் இல்லாவிடின் அப்பணியிடங்கள் வெற்றிடமாகவோ தற்காலிக ஆசிரியரைக் கொண்டோ இருந்திருக்கும். இரண்டாவது, விலகிச் செல்வோரும் கல்விக் கொள்கை, தொண்டு அமைப்புகள் முதலியவற்றில் தொடர்ந்து பங்காற்றுகின்றனர். இவ்விரு தரப்பு வாதங்களும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

முன்னறியும் முறைகள்

எதிர்பார்ப்புக்கும் நடைமுறைக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கப் பல முறைகள் கையாளப்படுகின்றன. விண்ணப்பிக்கும் முன் சில நாட்கள் பள்ளியில் அமர்ந்து கவனித்தல், கற்பித்தல் உதவியாளராகப் பணியாற்றுதல், தனிப்பயிற்சி அளித்தல் ஆகியன அவற்றுள் சில. கவனிப்பின்போது சிறந்த வகுப்பு ஒன்றை மட்டும் காணாது, ஒரே ஆசிரியரை நாள் முழுதும், மாலையில் அவர் விடைத்தாள் திருத்தும் நேரம் வரை பின்தொடர்வது கூடுதல் பயன் தரும். தனிப்பயிற்சியில் நிறைவு காணும் ஒருவர் முப்பது பேர் கொண்ட வகுப்பில் அதே நிறைவைக் காண்பார் என்பது உறுதியன்று. அத்தகையோருக்கு நூலகம், அருங்காட்சியகக் கல்வி, முதியோர் கல்வி, நிறுவனங்களில் பயிற்சியளித்தல் முதலிய அண்டைத் தொழில்களும் உள்ளன.

பிற நாடுகளில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூ ஜெர்சி மாநிலம் 1980களின் நடுப்பகுதியில் பட்டதாரிகளுக்கான மாற்றுச் சான்றளிப்பு வழியைத் தொடங்கியது. வெண்டி காப் 1989 இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எழுதிய இளநிலை ஆய்வேட்டின் அடிப்படையில் டீச் ஃபார் அமெரிக்கா உருவாகி, 1990 இல் ஏறத்தாழ 500 பட்டதாரிகளைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. டீச் ஃபர்ஸ்ட் அமைப்புக்கு இதுவே முன்மாதிரி. 2004 இல் வெளியான ஒரு கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வில், இதன் ஆசிரியரிடம் பயின்ற மாணவர் கணிதத்தில் சற்று மேலாகவும், வாசிப்பில் ஏனையோருக்கு நிகராகவும் தேர்ச்சி பெற்றமை கண்டறியப்பட்டது.

இந்தியாவில் சாகீன் மிஸ்திரி நிறுவிய டீச் ஃபார் இந்தியா, 2009 இல் மும்பை, புனே நகரங்களில் பணியைத் தொடங்கியது; பின்னர் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் பரவியது. எனினும் இந்தியாவில் இந்நிகழ்வின் திசை பெரிதும் வேறானது. அரசுப் பள்ளி ஆசிரியப் பணி, ஊதியத்திலும் பாதுகாப்பிலும் பல தனியார் வேலைகளை விட மேலானதாகக் கருதப்படுகின்றது. அங்குத் தடை சம்பள இழப்பன்று, போட்டியே. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் 2014 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கல்வியியல் இளநிலைப் படிப்பை இரண்டாண்டாக்கின. பொறியியல் பட்டதாரிகளும் வரையறுத்த மதிப்பெண் தகுதியுடன் அதில் சேர வழிசெய்தன. கல்வியியல் பட்டம் பெற்ற பொறியியல் பட்டதாரிகள் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்குக் கணித ஆசிரியராகலாம் எனத் தமிழ்நாடு அரசு 2019 இல் ஆணையிட்டது.

இலங்கையில் வேலையற்ற பட்டதாரிகளின் சிக்கல் நெடுங்கால அரசியற் பொருளாகும். 1971 இல் டட்லி சீர்ஸ் தலைமையிலான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புகளுக்கும் கிடைக்கும் வேலைகளுக்கும் இடையிலான பொருந்தாமையைத் தன் அறிக்கையில் ஆய்ந்தது. டோரின் மேற்குறித்த நூலிலும் இலங்கை ஓர் எடுத்துக்காட்டு ஆகும். பட்டதாரிகளை ஆசிரியராக நியமித்து, பணியில் இருக்கும்போதே பட்டப்பின் கல்வியியல் தகைமைச்சான்று பெறச் செய்யும் முறை அங்கு வழக்கில் உள்ளது.

இவற்றையும் பார்க்க

- ஆசிரியர்
- கல்வியியல்
- பணி மனநிறைவு
- வகுப்பறை மேலாண்மை
- ஆசிரியர் தகுதித் தேர்வு
- இங்கிலாந்தில் கல்வி